பக்கத்து சீட்டு பிரேக்

பழைய காருக்கு மதிப்புப் போட வந்தவர் பானெட்டைத் திறந்து பார்த்தார், டயரைத் தட்டிப் பார்த்தார், பேட்டரியில் ஒரு கருவியைச் சொருகி அதன் திரையையும் பார்த்தார். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு தலையாட்டல். கடைசியில் டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் கதவைத் திறந்து குனிந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"சார், இந்தப் பக்கம் மேட்ல ஓட்டை விழுந்திருக்கே."

விழுந்திருந்தது. வலது பாதம் படும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரப்பர் தேய்ந்து, அதற்குக் கீழே இருந்த கம்பளமும் நைந்து, தகரம் பளபளத்தது.

"டிரைவர் பக்கம்தான் தேயும், பாத்திருக்கேன். இங்க யார் சார் உக்காருவாங்க?"

நான் தொண்டையைச் செருமினேன். எனக்கு முன்னால் என் மனைவி பதில் சொல்லிவிட்டாள்.

"இவர்தான். அது இவரோட பிரேக்."

விளக்கிவிடுகிறேன். நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். இருபத்தேழு வருஷ சர்வீஸ். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்கிறவர் காலடியில் ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் வாத்தியார் காலடியில் இன்னொரு பிரேக். ஊரில் பாதிப் பேர் உயிரோடு இருப்பது இந்த இரண்டாவது பிரேக்கால்தான் என்று நான் சொல்லிக்கொள்வதுண்டு. மாணவர்கள் என்னை 'பிரேக் மாஸ்டர்' என்பார்கள். அதை வெகுநாள் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக் காரில் இரண்டாவது பிரேக் கிடையாது. அது எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியாது.

என் மனைவி ஓட்டக் கற்றுக்கொண்டது என்னிடம் இல்லை. பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் போட்டி ஸ்கூலில், எனக்குத் தெரியாமல் போய், முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கி வந்து சாப்பாட்டு மேஜைமேல் வைத்தாள். வாத்தியார் வீட்டுப் பிள்ளைதான் மக்கு என்பார்கள். வாத்தியார் மனைவியைப் பற்றி யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அதன்பின் மூன்று வருஷம் அவள் ஓட்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தரையை மிதித்தேன். முன்னால் போகிற வண்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் மிதி. எரியும்போல் தோன்றினாலும் மிதி. கூடவே 'பிரேக்' என்று ஒரு கத்தல்.

ஒரு நாள் நான்கு சாலைகள் கூடும் இடத்தில் நான் கத்திய கத்தலில் அவள் மிரண்டு நட்டநடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டாள். பின்னால் ஒரே ஹாரன் சத்தம். அவள் இறங்கினாள், காரைச் சுற்றி வந்தாள், என் பக்கத்துக் கதவைத் திறந்தாள்.

"இறங்குங்க," என்றாள்.

அன்றைக்கு இடம் மாறி உட்கார்ந்தவள் ஆறு வருஷமாக ஸ்டியரிங்கைத் தொடவில்லை. யார் கேட்டாலும் "அவளுக்கு இதுல இஷ்டம் இல்ல" என்று நான்தான் பதில் சொல்வேன். அவள் மறுத்துப் பேசியதில்லை. பேசாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

இப்போது கார் மாற்றியதற்கும் அவள்தான் காரணம். அவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். ஊசி குத்துவது தெரியாமல் ரத்தம் எடுக்கிறவள் என்று அங்கே பெயர். ஊரின் மறுகோடியில் புதிதாக ஒரு கிளை திறக்கிறார்கள், அதற்கு அவளைப் பொறுப்பாளராகப் போடப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். காலை ஆறு மணிக்குத் திறக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கு முதல் பேருந்தே ஆறே முக்காலுக்குத்தான். வருகிறாயா இல்லையா என்று மாதக் கடைசிக்குள் சொல்லச் சொல்லியிருந்தார்கள்.

"நான் கொண்டுபோய் விடறேன்," என்றேன்.

"உங்களுக்கு அஞ்சரைக்கு கிளாஸ் இருக்கு."

"ஏதாவது மாத்திக்கலாம்."

"பத்தொன்பது வருஷம் கழிச்சு ஒரு பொறுப்பு தர்றாங்க. அதுக்கும் உங்க டைம் டேபிளைப் பாத்துட்டுதான் நான் போகணுமா? நானே ஓட்டிட்டுப் போறேன்."

பழைய கார் பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடும் ஹைபிரிட், அதன் பேட்டரி அரை மனதோடு வேலை செய்துகொண்டிருந்தது. விடியற்காலையில் அதை நம்பி அவளை அனுப்ப முடியாது. சரி, அதே வகையில் புதியது வாங்கலாம் என்று ஷோரூமுக்குப் போனோம்.

அங்கே சுறுசுறுப்பான ஒரு பெண் எங்களைக் காரைச் சுற்றி அழைத்துப்போனாள். கண்ணாடிக்கு மேலே கேமரா, முகப்பில் ரேடார். கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங் தானே திருத்தும். முன்னால் போகும் வண்டி வேகம் குறைத்தால் இதுவும் குறைக்கும். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டேன். ஒரு தையல்காரரிடம் ரெடிமேட் சட்டையின் பெருமையைச் சொன்னால் அவர் எப்படி நிற்பாரோ அப்படி நின்றேன்.

"இடிக்கப்போறோம்னு தெரிஞ்சா முதல்ல சத்தம் போடும் சார். அப்பவும் நீங்க மிதிக்கலைன்னா அதுவே பிரேக் போட்டுடும்."

"சத்தம் போடும், அப்புறம் பிரேக் போடும்," என்றாள் என் மனைவி. "இவரும் அதைத்தான் பண்றாரு."

அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்தாள். "இது தேவைப்பட்டா மட்டும்தான் சத்தம் போடும் மேடம்."

"அப்ப இதையே எடுத்துக்கறோம்."

இந்த வசதிகள் இல்லாத மாடல் இருக்கிறதா என்று நான் விடாமல் விசாரித்தேன். மிஷின் பிரேக் போட்டால் மனிதனுக்குக் கால் மரத்துப்போகும், கவனம் கெட்டுப்போகும் என்றெல்லாம் ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அந்தப் பெண் நான் சொன்னதையும் ஒப்புக்கொண்டாள். "ஆமா சார், இது உதவிக்குத்தான். எல்லா நேரமும் கை கொடுக்கும்னு நம்பிட முடியாது. ஓட்டறவங்கதான் கவனமா இருக்கணும்." எனக்கு அது வெற்றிபோல இருந்தது. அதற்குள் என் மனைவி படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தாள்.

சாவி இரண்டு கொடுத்தார்கள். முதலில் கையில் விழுந்ததை நான் எடுத்துக்கொண்டேன், இன்னொன்று அவளுக்கு. வண்டி எப்படி என்று பார்த்துச் சொல்கிறேன், அதுவரை நீ ஓட்ட வேண்டாம் என்று முதல் பத்து நாள் நானே ஓட்டினேன்.

அந்தப் பத்து நாளை எப்படிச் சொல்வது. முதல் நாள், முன்னால் போன லாரிக்கு மிக அருகில் போகிறேன் என்று கீச்சிட்டது. இரண்டாம் நாள், கோட்டைத் தாண்டுகிறேன் என்று ஸ்டியரிங் என் கையை மெல்லத் தள்ளியது, வகுப்பில் நான் மாணவர்களின் கையைத் தள்ளுவேனே, அதே மாதிரி. மூன்றாம் நாள் ஒரு காப்பிக் கோப்பையின் படம் போட்டு, சற்று ஓய்வெடுக்கலாமே என்றது. எனக்கு! அன்றைக்குக் காப்பி குடித்து பத்து நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.

பிறகு ஒரு மளிகைக் கடையின் வாகன நிறுத்துமிடம். பக்கத்தில் ஒருவர் வண்டியைக் கோணலாக நிறுத்திக்கொண்டிருந்தார். அதில் என்னென்ன தவறு என்று என் மனைவிக்கு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது விரலை மடக்கும்போது ஒரு கீச்சு, ஒரு குலுக்கல், பெல்ட் மார்பைப் பிடித்தது. கார் தானே நின்றிருந்தது. எனக்கு நேர் முன்னால் இன்னொரு வண்டியின் பின்பக்கம், நம்பர் தகட்டின் திருகாணியைக்கூட எண்ணலாம்.

"சென்சார்ல ஏதோ கோளாறு," என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

இப்படி ஏழு முறை ஆனது. ஏழையும் தேதி, நேரம், இடத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். முதல் சர்வீஸுக்குப் போகும்போது அவர்கள் முகத்தில் வீசலாம் என்று திட்டம்.

பதினோராம் நாள் அவள் தன் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். நான் பக்கத்து சீட்டில் ஏறினேன். வண்டியைக் கிளப்புமுன் இரண்டு நிபந்தனை போட்டாள்.

"பேசக் கூடாது. ரெண்டு காலையும் சீட்டுக்கு அடியில இழுத்து வச்சுக்கணும்."

ஆறு வருஷ இடைவெளி. முதல் நாள் அவள் விரல்கள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன, இரண்டாம் நாள் கொஞ்சம் தளர்ந்தன. எனக்கோ, கால்களை மடக்கி வைத்து முட்டி வலி வந்துவிட்டது. ஸ்கூலில் என்னிடம் படிக்கும் பல் டாக்டரம்மா நான் நொண்டுவதைப் பார்த்துக் காரணம் கேட்டார். சொன்னேன். "என் பேஷன்ட்டா இருந்தா உங்க காலுக்கு மரத்துப்போற ஊசி போட்டிருப்பேன் மாஸ்டர்," என்றார்.

மூன்றாம் நாள் புதன்கிழமை. காலைப் பயிற்சி. புதிய கிளைக்குப் போகும் வழியையே பழகிக்கொண்டிருந்தோம். ஒரு கிடங்கின் மதில் முடியும் இடத்தில் பொருள் ஏற்றும் வேன் ஒன்று இடதும் பார்க்காமல் வலதும் பார்க்காமல் சாலைக்குள் நீட்டியது. நான் எல்லா நிபந்தனையையும் காற்றில் விட்டேன். "பிரேக்" என்று கத்தி, வலது காலால் தரையை ஓங்கி மிதித்தேன்.

கார் நின்றது. வேனுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு ஆள் தாராளமாக நடந்து போகலாம். வேன்காரர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

"பாத்தியா," என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. "நான் மட்டும் போடலைன்னா என்ன ஆகியிருக்கும்?"

சொல்லிவிட்டுக் குனிந்து பார்த்தேன். புதிய மேட். அதன்மேல் என் ஷூ. ஷூவுக்குக் கீழே எதுவும் இல்லை. அவளும் எட்டிப் பார்த்தாள்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை கேட்டிருப்பீர்கள். அந்தக் காக்கையாவது தான்தான் பழத்தைத் தள்ளினேன் என்று சொல்லிக்கொண்டு திரியவில்லை. நான் உடனே கட்சி மாறினேன்.

"அதாவது, கார் போட்டுச்சு. நல்லவேளை, இந்த வசதி இருக்கற வண்டியா வாங்கினோம்."

அவள் எதையோ சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். வண்டி நகர்ந்தது.

மீசையில் மண் ஒட்டாத சந்தோஷத்தில் அன்று முழுதும் அந்தக் கதையையே சொன்னேன். ஷோரூமில் எதை எதிர்த்துப் பிரசங்கம் செய்தேனோ, அதற்கே ஸ்கூலில் புகழ்மாலை சூட்டினேன். மச்சானுக்குப் போன் போட்டு, "உங்க அக்கா பொழச்சது அந்தக் காராலதான்" என்றேன். சொல்லச் சொல்ல வேன் நெருங்கி வந்தது. மாலைக்குள் அது எங்கள் பானெட்டை உரசிக்கொண்டு நின்றது.

இரவுச் சாப்பாட்டின்போது அவளிடமும் சொன்னேன். "ஒரு தடவை கார் காப்பாத்திடுச்சு. எப்பவும் காப்பாத்தும்னு அந்த ஷோரூம் பொண்ணே சொல்லலை. தினமும் விடியறதுக்கு முன்னாடி நீ தனியா போறதை நல்லா யோசிக்கணும்."

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். பிறகு, "வெள்ளிக்கிழமை வரலைன்னு சொல்லிடறேன். வேற யாரையாவது போட்டுக்கட்டும்," என்றாள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. உள்ளதைச் சொன்னால், அந்த நிம்மதி வந்த வேகத்தைப் பார்த்து எனக்கே கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. அவள் நம்பி விட்டுக்கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை முதல் சர்வீஸ். நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வேலைக்கு நேரே போக வசதியாக ஸ்கூல் சட்டையையே போட்டிருந்தேன். அதன் மார்பில் ஸ்டியரிங் படமும், கீழே 'பாதுகாப்பே முதல் பாடம்' என்ற வாசகமும் தைத்திருக்கும். அவளும் அரை நாள் விடுப்பு எடுத்துக் கூட வந்தாள்.

சர்வீஸ் கூடத்தில் டெக்னீஷியன் கண்ணாடி போட்ட ஓர் இளைஞர். என் நோட்டைப் பொறுமையாக வாங்கிப் படித்தார். இரண்டு சாவியையும் வாங்கி மேஜைமேல் வைத்தார். காரில் ஒரு கம்பியைச் சொருகி, கையிலிருந்த திரையைப் பார்த்தார்.

"சென்சார் எல்லாம் சரியா இருக்கு சார். நீங்க எழுதின ஏழும் இதுலயும் இருக்கு. ஒவ்வொரு தடவையும் முதல்ல எச்சரிக்கை கொடுத்திருக்கு, டிரைவர் பிரேக் மிதிக்கலை, அப்புறம் வண்டியே போட்டிருக்கு. எந்தச் சாவியில ஓட்டினாங்கன்னு தனித்தனியா பதிவாகும், ஏழுமே ஒண்ணாம் சாவி."

"ரெண்டாம் சாவி?" என்று கேட்டது என் மனைவி.

"ரெண்டாம் சாவியில தானியங்கி பிரேக் ஒரு தடவைகூட இல்ல மேடம். ஒரே ஒரு தடவை அழுத்தமா பிரேக் பிடிச்சது பதிவாகியிருக்கு. புதன்கிழமை காலையில. அது டிரைவரே போட்டது. எச்சரிக்கைச் சத்தம்கூட வரலை. வண்டி கண்டுபிடிக்கறதுக்கு முன்னாடியே அவங்க மிதிச்சுட்டாங்க." அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "நல்ல டிரைவர் சார். ஒண்ணாம் சாவிதான் கொஞ்சம் கவலை. வீட்ல யாராவது புதுசா கத்துக்கறாங்களா? ஏதாவது நல்ல டிரைவிங் ஸ்கூல்ல ரெண்டு வாரம் அனுப்பிப் பாருங்க."

இரண்டு சாவியும் பக்கத்து பக்கத்தில் கிடந்தன. பார்க்க ஒரே மாதிரி. எது யாருடையது என்று டெக்னீஷியனுக்குத் தெரியாது, எங்கள் இருவருக்குத்தான் தெரியும். நான் பேசாமல் இருந்திருந்தால் போதும். டெக்னீஷியன் அவளைப் பார்ப்பார், அவள் என்னைப் பார்ப்பாள், வழக்கம்போல மறுத்துப் பேச மாட்டாள், வெள்ளிக்கிழமை வந்து போகும். சத்தியமாகச் சொல்கிறேன், அரை நிமிஷம் நான் பேசாமல்தான் இருந்தேன்.

பிறகு அவளைப் பார்த்தேன். அவள் புதன்கிழமையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாகத் திறந்திருந்தது, வலது கால் கூடத்துத் தரையில் மெல்ல ஒரு முறை அழுந்தி எழுந்தது. நடந்ததைத் திரும்ப நடத்திப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் காலைப் பார்த்த பிறகு என்னால் முடியவில்லை.

"ஒண்ணாம் சாவி நான்தாங்க," என்றேன்.

டெக்னீஷியன் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பார்வை மெல்ல இறங்கி என் சட்டையில் நின்றது. பாதுகாப்பே முதல் பாடம் என்பதை முழுதாகப் படித்தார். "சில சமயம் சென்சார்ல தூசி இருக்கும் சார், துடைச்சுத் தர்றேன்," என்றார். நல்ல மனிதர். நன்றாக இருக்கட்டும்.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். இரண்டு தெரு தாண்டும்வரை நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்நாளில் இரண்டு தெரு என்பது பெரிய தூரம்.

"நேத்து பிரேக் போட்டது நீதான்," என்றேன்.

"ம்."

"ஏன் சொல்லலை?"

அவள் கண்ணாடியைப் பார்த்து, விளக்கைப் போட்டு, திருப்பத்தில் திரும்பி முடித்த பிறகுதான் பதில் சொன்னாள்.

"நான்தான் போட்டேன்னுதான் முதல்ல நினைச்சேன். நீங்க அவ்வளவு உறுதியா சொன்னீங்க. முதல்ல நீங்க போட்டீங்கன்னீங்க, அப்புறம் கார் போட்டுச்சுன்னீங்க. சாயங்காலம் தம்பியும் அதையே சொன்னான். எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கால் மிதிச்சுதா இல்லையான்னு நேத்து பூரா யோசிச்சேன். அவ்வளவுகூடத் தெரியாத ஒருத்தி எப்படித் தனியா போறதுன்னுதான் வரலைன்னு சொன்னேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. அதை வேறு வார்த்தையில் சொல்ல வழியில்லை. ஒரு வேன் நின்றதற்கு இரண்டு பேரைப் பாராட்டினேன்: ஒன்று நான், இன்னொன்று ஒரு கேமரா. பிரேக்குக்குமேல் காலை வைத்துக்கொண்டு மூன்றாவதாக ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், அவள் பெயர் என் வாயில் வரவே இல்லை. இருபத்தேழு வருஷமாக எல்லாரும் என் காலால்தான் நிற்கிறார்கள் என்று நம்பியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேர் தாங்களே நின்றார்களோ.

"போறேன்னு சொல்லிடு," என்றேன். "வேணும்னா நான் உங்க ஆபீஸுக்கு போன் பண்ணி..."

"அதை நான் பாத்துக்கறேன்," என்றாள். "நீங்க தம்பிக்கு மட்டும் பண்ணுங்க. கதையை மாத்திச் சொல்லுங்க."

மச்சான் போனில் ஐந்து நிமிஷம் விடாமல் சிரித்தான். முழுதும் கேட்டேன்.

திங்கட்கிழமை அவளுக்குப் புதிய கிளையில் முதல் நாள். ஐந்தரை வகுப்பைக் கால் மணி நேரம் தள்ளிப்போட்டுவிட்டு வாசல் கேட்டைத் திறந்துவிட நின்றேன். வானம் அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. அவள் பெல்ட்டைப் போட்டாள், பக்கத்து சீட்டில் தன் கைப்பையை வைத்தாள், அதற்கும் பெல்ட் போட்டாள். ஹைபிரிட் சத்தமில்லாமல் கிளம்பியது.

"போய்ட்டு வரேங்க."

"பாத்து," என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

கார் தெரு முனைக்குப் போனது. அதே நேரம் குறுக்குத் தெருவிலிருந்து பால் வண்டி ஒன்று வேகமாக வருவது, நான் நின்ற இடத்திலிருந்து மதில் இடைவெளியில் தெரிந்தது. அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ. என் வலது கால் உயர்ந்தது, வாசல் தரையில் ஓங்கி இறங்கியது. செருப்பு வார் அறுந்தது.

தெரு முனையில் இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன. கார் கோட்டுக்கு முன்னால் அமைதியாக நின்று பால் வண்டிக்கு வழி விட்டு, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, திரும்பிப் போனது.

இந்த முறை யார் போட்டது என்று நான் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. அறுந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒற்றைக் காலில் நொண்டி உள்ளே போனேன்.